லண்டன்ல இருந்து சிட்னி: அந்த 17,000 கிலோமீட்டர எந்த ஊர்ல உடைக்கிறது?

அக்கா பொண்ணுக்கு ஜனவரில சிட்னில கல்யாணம். நாங்க லண்டன்ல இருக்கோம். நான், மனைவி, ஒன்பது வயசுப் பையன், அப்புறம் எங்க அம்மா, வயசு 71, ரெண்டு முட்டியும் வலி, ஆனா பேத்தி கல்யாணத்துக்கு வராம இருக்கவே மாட்டேன்னு சொல்லிட்டாங்க. டிக்கெட் போடலாம்னு உக்காந்தா முப்பது நாப்பது ஆப்ஷன் வருது, சிங்கப்பூர் வழியா, துபாய் வழியா, தோஹா வழியா, ஆஸ்திரேலியாவோட மேற்குக் கரைல இருக்கற பெர்த் வழியா, ஹாங்காங் வழியா, எதப் பாத்தாலும் 22 மணி நேரம், 23 மணி நேரம், 24 மணி நேரம்னு பக்கத்துல பக்கத்துல நிக்குது, வெல மட்டும் தாறுமாறா மாறுது. நான் இதுக்கு முன்னாடி மூணு தடவ இந்தப் பயணம் போயிருக்கேன், மூணும் மூணு வேற வழி. அந்த அனுபவத்தையும் இந்த மூணு வாரமா குடைஞ்சு குடைஞ்சு பாத்ததையும் சேத்து எழுதுறேன், இதே குழப்பத்துல இருக்கறவங்களுக்கு உதவும்.

முதல்ல தூரம். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துல இருந்து சிட்னி விமான நிலையத்துக்கு பூமி உருண்டை மேல அளந்தா சுமார் 17,020 கிலோமீட்டர். பூமில எந்த ரெண்டு எடத்துக்கும் நடுவுல இருக்கக்கூடிய அதிகபட்ச தூரமே கிட்டத்தட்ட 20,000 தான், அதனால உலகத்தோட மறுபக்கத்துக்குப் போறோம்னு சொன்னா அதுல மிகையே இல்ல. உருண்டை மேல ஏன் அளக்கணும்னா, சுவத்துல மாட்டுற மேப்ல லண்டனுக்கும் சிட்னிக்கும் ஸ்கேல் வச்சு கோடு போட்டா அது அரபு நாடுகள், அரபிக்கடல், இந்தியப் பெருங்கடல்னு போகும், ஆனா ஒரு குளோப் மேல நூல இழுத்துப் பிடிச்சுப் பாருங்க, நூல் வடகிழக்கா ஏறி ரஷ்யா, சீனா மேல போய் அப்புறம் தெற்க இறங்கும். அதான் நெஜமான குறுக்குவழி. ஆனா அந்தக் குறுக்குவழில இப்போ பிரிட்டன் விமானங்கள் போக முடியாது, 2022 பிப்ரவரில இருந்து ரஷ்ய வான்வெளி அவங்களுக்கு மூடியிருக்கு. அதனால பெரும்பாலான விமானங்கள் இன்னும் தெற்க சுத்தித்தான் போகுது.

இப்ப ஒவ்வொரு வழியா கூட்டிப் பாத்தேன். ஹாங்காங் வழின்னா 9,640 கிலோமீட்டரும் 7,380 கிலோமீட்டரும், கூட்டினா நேர்கோட்டுத் தூரமே வந்துடுது, அந்த ஊர் நூல் மேலயே உக்காந்திருக்கு. சிங்கப்பூர் வழி 10,880ம் 6,300ம், மொத்தம் 17,180, வெறும் 160 கிலோமீட்டர் கூட. துபாய் வழி 5,500ம் 12,040ம், அதாவது 520 கூட. தோஹா அத விட கொஞ்சம் கூட. பெர்த் வழி 14,500ம் 3,280ம், 760 கிலோமீட்டர் கூட. பெரிய வித்தியாசம் மாதிரி தெரியும், ஆனா விமானம் மணிக்கு சுமார் 900 கிலோமீட்டர் வேகத்துல போகுது, 760 கிலோமீட்டர்னா ஐம்பது நிமிஷம், 520ன்னா முப்பத்தஞ்சு நிமிஷம், 160ன்னா பத்து நிமிஷம் சொச்சம். 23 மணி நேரப் பயணத்துல இந்த ஐம்பது நிமிஷத்த வச்சா முடிவெடுக்கப் போறோம்? நான் முதல் தடவ டிக்கெட் போட்டப்போ அததான் பண்ணேன், டோட்டல் டைம் எதுல கம்மின்னு வரிசைப்படுத்தி மேல வந்தத அமுக்கினேன். அது தப்பான கேள்வின்னு போய்ட்டு வந்தப்புறம்தான் புரிஞ்சுது. எந்த வழியா போனாலும் தூரம் ஏறக்குறைய ஒண்ணுதான், அந்தத் தூரத்த எங்க உடைக்கிறோம், உடைக்கிற நேரத்துல நம்ம உடம்புக்கு ராத்திரியா பகலாங்கறதுதான் எல்லாம்.

சிங்கப்பூர்ல உடைச்சா 13 மணி நேரம் பிளஸ் 8 மணி நேரம். துபாய், தோஹால உடைச்சா 7 பிளஸ் 14. பெர்த்ல உடைச்சா 17 பிளஸ் 4. இந்த மூணு ஜோடி நம்பரையும் மனசுல வச்சுக்கிட்டீங்கன்னா மத்ததெல்லாம் தானா புரியும்.

வளைகுடா வழியில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா பெரும்பாலும் வெல கம்மியா கண்ணுல படுறது அதுதான், எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் ரெண்டும் லண்டன்ல இருந்து ஒரு நாளைக்கு பல விமானம் விடுறாங்க, நேரத்த நம்ம இஷ்டத்துக்கு தேர்ந்தெடுக்கலாம். ராத்திரி பத்து மணிக்கு லண்டன்ல ஏறுறீங்கன்னு வைங்க. சாப்பாடு குடுத்து தட்ட எடுத்து லைட்ட அணைக்கவே பன்னெண்டரை ஆயிடும், நல்லா தூக்கம் புடிக்கிற நேரத்துல காலை டிபன்னு எழுப்புவாங்க, மிஞ்சிப்போனா மூணரை மணி நேரத் தூக்கம். லண்டன் நேரப்படி விடிகாலை அஞ்சு மணிக்கு துபாய்ல இறங்குறோம், அங்க மணி ஒன்பது, வெயில் அடிக்குது. பாதித் தூக்கத்துல செக்யூரிட்டி வரிசை, அப்புறம் ஏறினா 14 மணி நேரம், அது முழுக்க நம்ம உடம்புக்குப் பகல். பையன் அப்போ அஞ்சு வயசு, தூங்கவே இல்ல, நாங்களும் தூங்கல. சிட்னில காலைல ஏழு மணிக்கு இறங்கினப்போ அங்க ஒரு முழுப் பகல் பாக்கி கெடக்கு. அந்த முதல் ரெண்டு நாள் எனக்கு ஞாபகமே இல்ல.

இதுக்கு ஒரு மாத்து இருக்கு. லண்டன்ல பகல்ல கிளம்புற விமானத்த எடுத்தா துபாய் போய்ச் சேரும்போது அங்க நடுராத்திரி, ரெண்டு மணி வாக்குல சிட்னி விமானம் கிளம்பும், அந்த 14 மணி நேரத்துல நமக்கும் ராத்திரி வந்துடும், தூங்கலாம், சிட்னில ராத்திரி பத்து மணி வாக்குல இறக்கி விடுவாங்க, நேரா வீட்டுக்குப் போய் படுத்துடலாம். வளைகுடா வழின்னா இந்த மாதிரிதான் போகணும், அதுலயும் ஒரு விஷயம், சிட்னி விமான நிலையத்துக்கு ராத்திரி 11 மணில இருந்து காலை 6 மணி வரைக்கும் ஊரடங்கு மாதிரி, விமானம் ஏற இறங்க கட்டுப்பாடு. அதனாலதான் ஒண்ணு பதினொண்ணுக்கு முன்னாடி வந்து இறங்குறாங்க, இல்ல காலை ஆறுக்கு மேல வரிசையா இறங்குறாங்க. பத்து மணிக்கு இறங்க வேண்டிய விமானம் லேட்டாச்சுன்னா இந்த 11 மணிக் கெடு அவங்களுக்குப் பெரிய தலைவலி.

பெர்த் வழி. இத நான் 2019 கடைசில தனியாப் போனேன், ஆர்வத்துக்காகவே. லண்டனுக்கும் பெர்த்துக்கும் நடுவுல நிறுத்தாமப் போற விமானத்த ஆஸ்திரேலிய விமானக் கம்பெனி குவாண்டாஸ் 2018 மார்ச்ல ஆரம்பிச்சாங்க, ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவுல முதல் நேரடி பயணிகள் சேவை அதுதான், போயிங் 787, சீட் வெறும் 236. மதியம் வாக்குல ஹீத்ரோல கிளம்பி கிட்டத்தட்ட 17 மணி நேரம். ஒரே மூச்சுல போறதால நடுவுல யாரும் எழுப்பல, ஓட வேண்டியதில்ல, எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்தது, அஞ்சு மணி நேரம் வேல பாத்தேன், ஆறு மணி நேரம் தூங்கினேன், மிச்சத்துக்கு நடந்துக்கிட்டும் படம் பாத்துக்கிட்டும் ஓட்டிட்டேன். 787, ஏ350 மாதிரி புது விமானங்கள்ல உள்ள இருக்கற காத்தழுத்தம் 6,000 அடி உயரத்துல இருக்கற மாதிரி வச்சிருக்காங்க, பழைய விமானங்கள்ல அது 8,000 அடி வரைக்கும் போகும், எனக்கு எறங்கினப்போ தலைவலி இல்லாம இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்னு நெனைக்கிறேன்.

ஆனா சிட்னி போறவங்க ஒண்ணு யோசிக்கணும். பெர்த்ல எறங்கி, ரெண்டு ரெண்டரை மணி நேரம் காத்திருந்து, இன்னொரு நாலு மணி நேரம் பறக்கணும், ஒரு நாட்டுக்குள்ளயே நாலு மணி நேரம், அவ்ளோ பெரிய நாடு. கூட்டினா 23 மணி நேரம். சிங்கப்பூர் வழியா போனாலும் அதே 23 மணி நேரம்தான்! நேரடி விமானம்னு கூடுதல் காசு குடுத்து நேரத்துல ஒண்ணும் மிச்சமில்ல. பெர்த்லயே சொந்தக்காரங்க இருக்கறவங்களுக்கு இந்த விமானம் வரப்பிரசாதம், சிட்னிக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதோட பெர்த்ல இருந்து உள்நாட்டு விமானத்துக்கு மாறினா இமிக்ரேஷன், கஸ்டம்ஸ், பெட்டி எடுக்கறது எல்லாம் பெர்த்லயே முடிக்கணும். ஆஸ்திரேலியாவுல சாப்பாட்டுப் பொருள் விஷயத்துல ரொம்பக் கறார். கல்யாணத்துக்குப் போறப்போ பொடி, ஊறுகாய், பலகாரம்னு அம்மா பெட்டி நிறைய அடுக்குவாங்க, எது இருந்தாலும் உள்ள நுழையறப்போ குடுக்கற பயணி கார்டுல ஆமான்னு டிக் பண்ணிடுங்க, டிக் பண்ணிக் காட்டினா பாத்துட்டு விடுவாங்க இல்லன்னா எடுத்துப் போட்டுடுவாங்க அவ்ளோதான், டிக் பண்ணாம மாட்டினா அபராதம். அத இணைப்பு விமானம் புடிக்கிற அவசரத்துல பண்றத விட, எங்க எறங்கினா பயணம் முடியுதோ அங்க பண்றது நல்லது.

17 மணி நேர விமானத்துல இன்னொரு பலவீனம், அதுக்கு எரிபொருள் எல்லாம் அளந்து வச்ச மாதிரி, சுத்திப் போற அளவுக்குக் கையிருப்பு கெடையாது. 2024 ஏப்ரல்ல ஈரான் பக்கம் பதட்டமா இருந்தப்போ பெர்த்ல இருந்து லண்டன் போற விமானம் வழி மாத்தவேண்டி வந்து, சிங்கப்பூர்ல எறங்கி எண்ணெய் போட்டுட்டுத்தான் போச்சு. வளைகுடா வழிக்கும் இந்தக் கவலை உண்டு, 2025 ஜூன்ல கத்தார் திடீர்னு வான்வெளிய மூடினப்போ தோஹா வழியா போய்ட்டிருந்தவங்க எங்கெங்கயோ திருப்பி விடப்பட்டாங்க. இதெல்லாம் அடிக்கடி நடக்காதுதான், ஆனா கல்யாணத் தேதிய மாத்த முடியாதுல்ல, அதனால நான் இதையும் கணக்குல எடுத்துக்கிட்டேன்.

சிங்கப்பூர் வழிக்கு வரேன். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ், குவாண்டாஸ் மூணு பேருமே இந்த வழில போறாங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு லண்டன்ல ஏறினா 13 மணி நேரம், சாப்பிட்டு முடிச்சு படுத்தா ஏழெட்டு மணி நேரம் யாரும் எழுப்ப மாட்டாங்க, ஒரு முழு ராத்திரி கெடைக்குது. சிங்கப்பூர்ல எறங்கும்போது அங்க சாயங்காலம் ஆறு மணி. ரெண்டு மணி நேரம் கை கால நீட்டி, மூஞ்சி கழுவி, எதாவது சூடா சாப்பிட்டு, எட்டு மணிக்கு அடுத்த விமானம், எட்டு மணி நேரம், சிட்னில ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணி. வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி ஞாயிறு காலை, நடுவுல சனிக்கிழமை எங்க போச்சுன்னே தெரியாது. ஜனவரில லண்டனுக்கும் சிட்னிக்கும் 11 மணி நேர வித்தியாசம், அதான். ஜூலைல போனா 9 மணி நேரம்தான், ரெண்டு ஊர்லயும் கோடைக்கு கடிகாரத்த மாத்துறது எதிரெதிர் காலத்துல வர்றதால, மார்ச் கடைசி ஒரு வாரமும் அக்டோபர்ல ஒரு மூணு நாலு வாரமும் மட்டும் 10 ஆகும். அக்காவுக்கு ஃபோன் பண்றப்போ வருஷா வருஷம் இதுல நாங்க குழம்புவோம்.

ஹாங்காங்கும் இதே கணக்குதான், 13 பிளஸ் 9, விலை கம்மியா கெடைச்சா யோசிக்காம எடுக்கலாம். கோலாலம்பூர், பாங்காக் எல்லாம் சிங்கப்பூர் மாதிரியேதான். அமெரிக்கா வழியா லாஸ் ஏஞ்சலஸ்ல எறங்கிப் போறதும் லிஸ்ட்ல வரும், வேண்டாம், அது 20,800 கிலோமீட்டர், அதோட அமெரிக்காவுல வெறும் விமானம் மாறுறதுக்கே உள்ள நுழையற அனுமதி வாங்கி இமிக்ரேஷன்ல நின்னு பெட்டிய எடுத்துத் திரும்பப் போடணும்.

இத எல்லாம் கூட்டிக்கிட்டு இருந்தப்போ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, எனக்கே ஆச்சரியம். லண்டன்ல இருந்து சென்னை சுமார் 8,200 கிலோமீட்டர், சென்னைல இருந்து சிங்கப்பூர் 2,900, அங்க இருந்து சிட்னி 6,300. கூட்டினா 17,400! நேர்கோட்டுல இருந்து நானூறு கிலோமீட்டர் கூட இல்ல வித்தியாசம். துபாய் வழிய விட இது குறைச்சல். அதாவது லண்டன்ல இருக்கற தமிழ்க் குடும்பம் சிட்னி போகும்போது சென்னை வழியிலதான் இருக்கு, ஊருக்குன்னு தனியா ஒரு பயணம், சிட்னிக்குன்னு தனியா ஒரு பயணம்னு நாம ரெண்டா யோசிச்சுப் பழகிட்டோம். லண்டன்ல இருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருக்கு, ஒரு பத்து மணி நேரம், அங்க பத்து நாள் இருந்து புடவை நகை வாங்கிட்டு, நாலு மணி நேரம் சிங்கப்பூர், எட்டு மணி நேரம் சிட்னி, உடம்பும் நேர வித்தியாசத்துக்கு ரெண்டு தவணைல பழகிடும். வெளிநாட்டு பாஸ்போர்ட் வச்சிருக்கறவங்களுக்கு இந்தியாவுக்குள்ள நுழைய ஓசிஐ கார்டோ (இந்திய வம்சாவளிக்காரங்களுக்குக் குடுக்கற கார்டு) விசாவோ இருக்கணும், லீவு மூணு நாலு வாரமாவது வேணும். எங்களுக்கு பையனோட ஸ்கூல் லீவு பத்தல, இல்லன்னா கண்ண மூடிக்கிட்டு இததான் போட்டிருப்பேன். லீவு இருக்கறவங்க இந்த வழிய ஒரு தடவ விலை போட்டுப் பாருங்க, மல்டி சிட்டின்னு தேடணும், சாதாரணமா தேடினா வராது.

வெல பத்தி ரெண்டு வார்த்தை. டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி முதல் வாரம் வரைக்கும் எந்த வழியிலயும் உச்சத்துல இருக்கும், கிறிஸ்துமஸ், அங்க கோடை விடுமுறை, எல்லாம் ஒண்ணா வருது. பிரிட்டன்ல இருந்து கிளம்புற டிக்கெட்ல விமானப் பயணி வரின்னு ஒண்ணு சேரும், அது தூரத்த வச்சுத்தான், 5,500 மைலுக்கு மேல போனா அதுதான் உச்சப் படி, சிட்னி அதுல வருது. எக்கானமில 16 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்களுக்கு இந்த வரி கெடையாது, டிக்கெட் போட்டு முடிச்சதும் பையனோட பில்லப் பிரிச்சு ஒரு தடவ பாத்துக்குங்க.

மலிவுக்காக ரெண்டு தனித்தனி டிக்கெட்டா போடாதீங்க, இத நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன். என் ரெண்டாவது பயணத்துல லண்டன்ல இருந்து ஒரு கம்பெனி, நடுவுல இருந்து இன்னொரு கம்பெனின்னு போட்டேன், இருநூறு பவுண்ட் மிச்சம்னு சந்தோஷமா இருந்தேன். முதல் விமானம் பனியில மூணு மணி நேரம் லேட், ரெண்டாவது போயிடுச்சு, அது அவங்களுக்கு சம்பந்தமே இல்லாத விஷயம், நான் வரலன்னு எழுதிட்டாங்க, கவுன்ட்டர்ல நின்னு அன்னிக்கு விலைக்கு புது டிக்கெட், பதினாலு மணி நேரம் நாற்காலில. ஒரே டிக்கெட்டா இருந்தா அடுத்த விமானத்துல ஏத்திவிடறது அவங்க பொறுப்பு. அதோட பிரிட்டன்ல இருந்து கிளம்புற பயணத்துக்கு, எந்த நாட்டு கம்பெனியா இருந்தாலும், அவங்க தப்பால சிட்னிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல தாமதமாப் போய்ச் சேர்ந்தா ஆளுக்கு 520 பவுண்ட் நஷ்டஈடு கேக்கலாம், 3,500 கிலோமீட்டருக்கு மேல இருக்கற பயணத்துக்கு அந்தத் தொகை. திரும்பி வரும்போது மட்டும் இது பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றியத்து விமானக் கம்பெனியா இருந்தாத்தான் செல்லும்.

ஒரே மூச்சுல சிட்னிக்கே போற விமானம் வராதான்னு அம்மா கேட்டாங்க. வரப்போகுது. 1989 ஆகஸ்ட்ல குவாண்டாஸ் ஒரு புது 747 விமானத்த காசு குடுத்த பயணிகள் யாரும் இல்லாம லண்டன்ல இருந்து சிட்னிக்கு நிறுத்தாமயே ஓட்டிக் காட்டினாங்க, 20 மணி 9 நிமிஷம். 2019 நவம்பர்ல ஒரு 787ல சுமார் ஐம்பது பேர மட்டும் ஏத்திக்கிட்டு 19 மணி 19 நிமிஷத்துல வந்தாங்க. முப்பது வருஷ இடைவெளில மிச்சமானது ஐம்பது நிமிஷம்தான் பாருங்க, இந்த வேகத்துக்கு மேல பயணிகள் விமானம் போறதில்ல. இப்ப ஏ350 விமானத்துல 20,000 லிட்டர் கூடுதல் டேங்க் வச்சு, 238 சீட் மட்டும் போட்டு, 2027ல இந்த சேவைய ஆரம்பிக்கிறதா திட்டம். இவ்ளோ நீளமாப் போறதுல ஒரு சிக்கல், முதல் பத்து மணி நேரம் எரிக்கிற எண்ணெயில கணிசமான பங்கு கடைசி பத்து மணி நேரத்துக்கான எண்ணெயத் தூக்கிட்டுப் போறதுக்கே செலவாகும், அதனால சீட்டக் கொறைக்கணும், அப்போ டிக்கெட் விலை கூடத்தான் செய்யும். நாலு மணி நேரம் வரைக்கும் மிச்சமாகும்ங்கறாங்க. தனியா வேல விஷயமாப் போறவங்களுக்கு சரி, எங்க அம்மாவ 20 மணி நேரம் ஒரே சீட்ல உக்கார வைக்க எனக்கு மனசு வரல.

அந்தத் திட்டத்துக்கு சன்ரைஸ்னு பேர் வச்சதுக்குப் பின்னாடி இருக்கற கதைய மட்டும் சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் புடிச்சது. ரெண்டாம் உலகப் போர்ல சிங்கப்பூர் ஜப்பான் கையில போனதும் ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் இருந்த விமான வழி அறுந்துபோச்சு. 1943ல பெர்த்ல இருந்து இலங்கையோட தென்கோடில இருக்கற கொக்கல ஏரிக்கு கடல் விமானம் விட ஆரம்பிச்சாங்க, சுமார் 5,650 கிலோமீட்டர், 27ல இருந்து 33 மணி நேரம், ஜப்பான்காரங்க கண்ணுல படாம இருக்க ரேடியோவத் தொடாம, நட்சத்திரத்தப் பாத்து வழி கண்டுபுடிச்சு, மூணே மூணு பயணிகள ஏத்திக்கிட்டு. ஒரே பயணத்துல ரெண்டு தடவ சூரியன் உதிக்கிறதப் பாப்பாங்க, அதனால இரட்டைச் சூரியோதயம்னு பேரு. போர் முடிஞ்சு 1947 டிசம்பர் 1ஆம் தேதி சிட்னில இருந்து லண்டனுக்கு வழக்கமான சேவை ஆரம்பிச்சப்போ 29 பயணிகள், டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலின்னு நின்னு நின்னு நாலு நாள். அதுலயும் ராத்திரி தங்கினது ரெண்டு ஊர்ல, சிங்கப்பூர், கெய்ரோ.

இந்த ராத்திரி தங்கற விஷயம்தான் எனக்கு முடிவத் தெளிவாக்கிச்சு. நாலு மணி நேரத்துக்கு மேல ஆடாம அசையாம உக்காந்து போற எந்தப் பயணத்துலயும் காலுல ரத்தம் உறையற வாய்ப்பு ரெண்டு மடங்கு ஆகும்னு உலக சுகாதார அமைப்பு 2007லயே சொல்லியிருக்கு, ஆரோக்கியமா இருக்கறவங்கள்ல அது 6,000 பேருக்கு ஒருத்தர்ங்கற அளவுதான், பயப்பட வேண்டியதில்ல, ஆனா 71 வயசு, சரியா நடக்க முடியாதவங்கன்னா டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறது நல்லது, நாங்க கேட்டோம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ எழுப்பி நடக்க வைங்கன்னார். 13 மணி நேரம் கழிச்சு ஒரு ராத்திரி கட்டில்ல கால நீட்டிப் படுத்து எந்திரிச்சு அடுத்த 8 மணி நேரம் போனா அது வேற பயணம். சிங்கப்பூர் விமான நிலையத்துக்குள்ளயே டிரான்சிட் ஹோட்டல் இருக்கு, வெளிய போகாமலே மணிக் கணக்குல ரூம் எடுக்கலாம். அஞ்சரை மணி நேரத்துக்கு மேல நடுவுல இடைவெளி இருக்கறவங்கள விமான நிலையத்துக்காரங்களே இலவசமா ஊர் சுத்திக் காட்டக் கூட்டிட்டும் போறாங்க, பையனுக்கு அது.

திரும்பி வர்ற பயணத்துக்கு கணக்கு மாறுது, ஜெட் ஸ்ட்ரீம்னு மேல மேற்குல இருந்து கிழக்க அடிக்கிற காத்து போகும்போது தள்ளிவிடும், வரும்போது எதிர்த்து நிக்கும், அதனால சிங்கப்பூர்ல இருந்து லண்டன் 14 மணி நேரம் ஆகும், பெர்த்ல இருந்து பதினேழரை. ஆனா மேற்கு நோக்கி வர்றது உடம்புக்கு சுலபம், நாள் நீளுது, நீளுற நாளுக்கு உடம்பு சீக்கிரம் பழகிடும். கல்யாணம் முடிஞ்சு வர்றப்போ தேதி நெருக்கடியும் இல்ல. அதனால தனி ஆளா, கை கால் நல்லா இருக்கறவங்க திரும்பறதுக்கு வளைகுடா வழி மலிவா வந்தா தாராளமா எடுக்கலாம், ராத்திரி சிட்னில ஏறினா 14 மணி நேரம் தூங்கிட்டு வந்து கடைசி ஏழு மணி நேரம் பகல்ல, அந்தப் பக்கத்துக்கு அந்த உடைப்பு நல்லாவே பொருந்துது.

கடைசியா போட்டது இதுதான். போக, வியாழக்கிழமை ராத்திரி லண்டன், வெள்ளி சாயங்காலம் சிங்கப்பூர், அன்னிக்கு ராத்திரி அங்கயே தங்கல், சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பி ஞாயிறு காலை சிட்னி, ஒரே டிக்கெட். கல்யாணம் அதுக்கு அடுத்த சனிக்கிழமை, நேர வித்தியாசம் தெளிய ஆறு நாள் இருக்கு. வர, அம்மாவும் மனைவியும் பையனும் அதே சிங்கப்பூர் வழி, எனக்கு ரெண்டு நாள் முன்னாடியே வேலைக்குத் திரும்பணும்ங்கறதால நான் மட்டும் துபாய் வழி. அம்மாவுக்கு வீல்சேர் டிக்கெட் போடும்போதே கேட்டு வாங்கியாச்சு, அதுக்கு காசு கெடையாது, ரெண்டு விமானத்துக்கும் சேத்து உறுதிப்படுத்திட்டாங்க. சீட்டு கழிவறைக்கு ரெண்டு வரிசை முன்னாடி, ஓரத்துல, எந்திரிச்சு நடக்க வசதியா. ஆளுக்கு நூத்தி இருபது பவுண்ட் கூட ஆச்சு, ஹோட்டல் தனி. சிங்கப்பூர்ல அந்த ராத்திரி தங்கறதக் கேட்டதும் அம்மா கேட்ட ஒரே கேள்வி, அங்க கோயிலுக்குப் போக நேரம் இருக்குமான்னு. இருக்கு, சனிக்கிழமை காலை முழுக்க இருக்கு.